கத்தியா, கராத்தேயா? மும்பைத் தமிழ்ப் பெண்களின் தற்காப்பும் மகாராஷ்டிர அரசியலும்

புதுதில்லி: பெண்கள் தங்கள் கைப்பையில் உதட்டுச்சாயத்துடன் மிளகாய்ப் பொடியும் கத்தியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகாராஷ்டிர அமைச்சர் குலாப்ராவ் பாட்டீல் 2025 மார்ச் மாதம் மகளிர் தின நிகழ்ச்சியில் பேசியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. புணே சுவார்கேட் பேருந்து நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த அரசுப் பேருந்துக்குள் இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டு அப்போது இரண்டு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. சட்டம்-ஒழுங்கைக் காக்க வேண்டிய அரசின் அமைச்சரே கத்தியைப் பரிந்துரைப்பதா என எதிர்க்கட்சிகள் கேட்டன.

அமைச்சர் புதிதாக எதையும் கூறிவிடவில்லை. தில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, 2013 ஜனவரியில் சிவசேனைக் கட்சி மும்பையில் பெண்களுக்குச் சிறு கத்திகளை ஆயிரக்கணக்கில் விநியோகித்தது. பால் தாக்கரேயின் படம் பொறித்த கத்திகள் அவை. அடுத்த ஆண்டு ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே "நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியை அறிமுகம் செய்தது. அதன் விலை சுமார் ரூ. 1.22 லட்சம். தாராவியில் தோல் பை தைக்கும் பெண்ணொருவர் அதை வாங்க எத்தனை ஆண்டுக் கூலியைச் சேர்க்க வேண்டும் என்பதை எந்த அதிகாரியும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

கத்திக்கும் துப்பாக்கிக்கும் அடுத்தபடியாக வந்தது தற்காப்புக் கலை. 2014-இல் நடிகர் அக்ஷய் குமாரும் அப்போது யுவசேனைத் தலைவராக இருந்த ஆதித்ய தாக்கரேயும் சேர்ந்து மும்பையில் பெண்களுக்கான இலவசத் தற்காப்புப் பயிற்சி மையத்தைத் தொடங்கினர். அங்கு கற்பிக்கப்பட்டது கூடோ என்னும் ஜப்பானியக் கலப்புக் கலை. கராத்தேயும் ஜூடோவும் கலந்த இக்கலையில் அக்ஷய் குமாருக்கு இருந்த ஈடுபாடே அத்தேர்வுக்குக் காரணம். எந்தக் கலை யாருக்குப் பொருந்தும் என்ற ஆராய்ச்சிக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவாக அதைக் கொள்ள இயலாது. நாடெங்கும் இதே நிலைதான். பயிற்சியாளர் யார் கிடைக்கிறாரோ, அவர் கற்ற கலையே பள்ளி மாணவியின் தற்காப்புக் கலையாகிவிடுகிறது.

மும்பைத் தமிழர்களுக்குத் "தற்காப்பு' என்ற சொல்லில் பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1966-இல் தோன்றிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். மாதுங்காவின் உணவகங்களும் அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்த தமிழர்களும் அக்கட்சியின் கோபத்துக்கு இலக்காயினர். அந்தக் காலத்தில் தற்காப்பு என்பது ஆண்கள் கூடிப் பேசும் விஷயமாக இருந்தது. பின்னர் வரதராஜ முதலியார் போன்றோரின் செல்வாக்கு வளர்ந்ததற்கும் அந்த அச்சம் ஒரு காரணம் என்பார்கள். தெருவைக் காக்க ஆள் இருந்தது. வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணைப் பற்றி அக்கூட்டங்களில் பேச்சு எழவில்லை. அன்று தமிழரை விரட்டிய கட்சி பின்னாளில் பெண்களுக்குக் கத்தி கொடுத்ததும், அதே நகரின் சயான்-கோலிவாடா தொகுதியில் பாஜகவின் தமிழ்ச்செல்வன் 2014 முதல் மூன்று முறை வென்றதும் காலத்தின் விந்தை.

எது பொருந்தும்?: செம்பூரிலும் மாதுங்காவிலும் நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பங்கள் மகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். மாலையில் பாட்டு, சனிக்கிழமை கராத்தே. வெள்ளைப் பட்டையில் தொடங்கி ஒவ்வொரு நிறத்துக்கும் தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம். சான்றிதழ் வழங்கும் சங்கங்களோ ஏராளம். இந்திய கராத்தே சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் 2020-இல் ரத்து செய்தது. உட்பூசல் மிகுந்த ஒரு துறையில், சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்து ஆசிரியரை எடைபோடுவது கடினம்.

கராத்தேயில் குறையில்லை. ஆனால் பல வகுப்புகளில் பெரும்பகுதி நேரம், எதிரில் ஆளில்லாமல் காற்றில் குத்தும் வரிசைப் பயிற்சிக்கே செலவாகிறது. டேக்வாண்டோவின் உயர்ந்த உதைகள் மேடையில் கண்ணைக் கவரும். மாலை ஆறு மணிக்கு ஹார்பர் ரயிலில் முழங்காலைத் தூக்கவும் இடமிருக்காது. பெண்ணைத் தாக்குபவன் பெரும்பாலும் மூன்றடி தள்ளி நின்று குத்துவதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கிறான், முடியை இழுக்கிறான், வாயைப் பொத்துகிறான், சுவரோடு சாய்க்கிறான். அந்த வகையில் பிடியிலிருந்து விடுபடுதலையும் கீழே விழுந்த நிலையிலிருந்து எழுதலையும் மையமாகக் கொண்ட ஜூடோ, ஜுஜுத்சு போன்றவையே நடைமுறைக்கு நெருக்கமானவை. குத்துச்சண்டைக்கும் ஒரு சிறப்பு உண்டு. அடி வாங்கியும் நிலைகுலையாமல் இருக்க அது விரைவில் பழக்கிவிடும். முதல் அறை விழுந்ததும் உறைந்துபோவதுதான் பெரும்பாலோருக்கு நேரும் ஆபத்து.

தமிழரின் சிலம்பம்? 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது முதல் அதற்குப் புதிய மவுசு. உடலுறுதி, காலடி வேகம், தன்மதிப்பு ஆகியவற்றை அது வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய தாராவிச் சந்தில் ஆளுயரக் கம்பைச் சுழற்ற முடியாது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அலுவலகம் போகவும் முடியாது. சிலம்பத்தோடு இணைந்த வெறுங்கைக் கலையான குத்துவரிசையைக் கற்பிக்கும் ஆசான் கிடைத்தால் அது வேறு. இஸ்ரேல் ராணுவத்தில் வளர்ந்த கிராவ் மகா, விளையாட்டு விதிகள் அற்றது, நேரடியானது. ஆனால் பெருநகரங்களில் அது பெரும்பாலும் நிறுவனங்களின் வார இறுதிப் பயிலரங்காகவே கிடைக்கிறது. இரண்டு நாளில் கற்றது இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

ஆகவே, கலையின் பெயரைவிட முக்கியமானவை வேறு சில. எதிர்த்து இழுக்கும், விட்டுக்கொடுக்காத துணையுடன் பயிற்சி நடக்கிறதா? கற்பிப்பவர்களில் பெண்கள் உண்டா? வீட்டிலிருந்து நடந்து போய்வரும் தொலைவில் வகுப்பு உள்ளதா? தாராவியிலிருந்து அந்தேரிக்குச் சென்று கற்று, இருட்டிய பின் தனியே திரும்பச் சொல்லும் தற்காப்பு வகுப்பில் என்ன பொருள்?

ஓடுவதைச் சொல்லித்தராத பயிற்சியும் ஆபத்தானதே. 2011 அக்டோபரில் அந்தேரியை அடுத்த அம்போலியில், தோழிகளைச் சீண்டியவர்களைத் தட்டிக்கேட்ட இரு இளைஞர்கள் கத்திக்குத்துக்குப் பலியாயினர். சாலையில் பலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். 2016-இல் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் சக்தி மில் வளாகத்தில் பெண் புகைப்படச் செய்தியாளரைச் சூழ்ந்தவர்கள் ஐவர். உடன் சென்ற ஆண் கட்டிப்போடப்பட்டார். இத்தகைய தருணங்களில் கறுப்புப் பட்டை என்ன செய்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அந்நியனும் அறிந்தவனும்: எல்லா வகுப்புகளும் இருட்டுச் சந்தில் பாயும் அந்நியனை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களின்படி, பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், மேலாளர்.

தமிழகத்திலேயே இரு சம்பவங்கள் உண்டு. 2012 பிப்ரவரியில் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவரைப் பெண் ஒருவர் கிரிக்கெட் மட்டையால் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி அப்பெண்ணை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், கத்தியைக் காட்டி மிரட்டிய உறவினரை, தற்காத்துக்கொள்ளும் முயற்சியில் இளம்பெண் ஒருவர் குத்தியதில் அவர் இறந்தார். போலீஸார் அதே பிரிவின் அடிப்படையில் அவரைக் கைது செய்யாமல் விடுவித்தனர். ஒருவர் கணவர், மற்றவர் உறவினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அச்சட்டப் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 38-ஆவது பிரிவாக இடம்பெற்றுள்ளது. பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு உள்ளிட்ட தாக்குதல்களைத் தடுக்கும்போது எதிராளி உயிரிழந்தாலும் அது குற்றமாகாது என்கிறது அப்பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்ற வரம்பு 37-ஆவது பிரிவில் உண்டு. விழுந்து கிடப்பவனை மீண்டும் மிதித்தால் தற்காப்பு உரிமை அங்கே முடிந்துவிடும். எனினும் ஆபத்தில் இருப்பவர் தராசில் நிறுத்துப் பார்த்துத் தாக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கு உள்ளிட்ட தீர்ப்புகளில் ஏற்றுள்ளது. குத்துவதைக் கற்பிக்கும் எத்தனை வகுப்புகளில் இந்த இரு பிரிவுகளும் ஒரு மணி நேரமாவது விளக்கப்படுகின்றன?

பயிற்சியால் பயனே இல்லை என்ற வாதமும் தவறு. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வெறும் 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓராண்டுக்குப் பின், பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானோர் விகிதம் பிரசுரம் பெற்றோரிடையே 9.8 சதவீதமாகவும் பயிற்சி பெற்றோரிடையே 5.2 சதவீதமாகவும் இருந்தது. அந்தப் பயிற்சியில் அடிதடி ஒரு பகுதிதான். தெரிந்தவனின் நோக்கத்தை முன்கூட்டியே அறிதல், "இவர் நம்மவர் ஆயிற்றே' என்ற தயக்கத்தை வெல்லுதல், உரக்க மறுத்தல் ஆகியவையே அதன் பெரும்பகுதி. நைரோபியின் குடிசைப் பகுதிப் பள்ளி மாணவியரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வும் குற்றங்கள் பெருமளவு குறைந்ததாகக் கூறியது. அது கனடா ஆய்வின் அளவுக்குக் கறாரானதல்ல. ஆனால் தாராவிக்கு கனடாவைவிட நைரோபியே அருகில் உள்ளது.

நிதி எங்கே?: மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில், ராணி லட்சுமிபாய் பெயரால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒரு பள்ளிக்கு மாதம் ரூ. 5,000 வீதம் மூன்று மாதங்களுக்கு நிதி. 300 மாணவியர் உள்ள பள்ளியில் தலைக்கு 50 ரூபாய். மூன்று மாதம் முடிந்ததும் பயிற்சியாளர் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார். கனடாவில் 12 மணி நேரம் போதுமானதாக இருந்ததே என்று கேட்கலாம். அங்கே சிறு குழுக்கள், பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்கள், வரையறுக்கப்பட்ட பாடத்திட்டம். இங்கே மைதானத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணிக்கைக்குக் கை நீட்டச் செய்வதோடு பல இடங்களில் பாடம் முடிந்துவிடுகிறது.

பெண்கள் பாதுகாப்புக்கான நிதி முற்றிலும் இல்லாமலும் இல்லை. 2013 பட்ஜெட்டில் ரூ. 1,000 கோடியுடன் நிர்பயா நிதி உருவாக்கப்பட்டது. அந்நிதியில் 2022-இல் மும்பை போலீஸார் வாங்கிய 220 பொலேரோ வாகனங்களில் சில, ஷிண்டே அணியின் எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்களின் பாதுகாப்புக்குத் திருப்பிவிடப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளியாகி அரசியல் புயலைக் கிளப்பியது. பெண்களைக் கத்தி வைத்துக்கொள்ளச் சொன்ன அமைச்சரும் அதே அணியைச் சேர்ந்தவர்தாம்.

அடித்து விடுபட்ட பெண் அடுத்து எங்கே போவது என்பதில்தான் மும்பைக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1984-இல் மும்பை போலீஸாருடன் இணைந்து பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல் துறை வளாகத்துக்குள்ளேயே சமூகப் பணியாளர்கள் அமர்ந்து புகார் கூறும் பெண்ணுக்குத் துணை நிற்கும் ஏற்பாடு அது. பின்னர் மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் வேறு சில மாநிலங்களுக்கும் பரவியது. தாராவியில் ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம், உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து, குடும்ப வன்முறையைக் கண்டறிந்து ஆலோசனை மையத்துக்கு அழைத்துவரச் செய்கிறது.

மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் தாராவியிலும் அதைச் சுற்றியும் உள்ளன. அங்கு பயிலும் மாணவிக்குப் பத்து வாரம், வாரம் இரண்டு மணி நேரம், பெண் பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டு பிடி விடுவிப்பும் உரக்கக் கூவுதலும் சட்டப் பிரிவுகளும் கற்றுத்தந்து, புகார் செய்ய வேண்டிய இடத்தையும் நேரில் அழைத்துச் சென்று காட்ட ஆகும் செலவு, ஒரு பொலேரோவின் விலையில் பலமுறை அடங்கும். மாநகராட்சித் தேர்தல்தோறும் தமிழ் வாக்குகளைத் தேடி தாராவிச் சந்துகளுக்குள் வரும் கட்சிகளிடம் இந்தக் கணக்கை யாராவது கேட்டாக வேண்டும்.