பெண்ணுக்கு அறிவுரை, ஆணுக்குத் தீப்பெட்டியா?

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. "இந்தக் காலத்துப் பெண்கள் சிகரெட் பிடிப்பதால்தான் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன." அதற்குக் கைதட்டியவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்களில் சிலர் சத்திரம் பேருந்து நிலையத்தில் சிகரெட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளா, கணக்குப் பார்ப்போமா? 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் நூற்றுக்கு 2 பேர். ஆண்கள் 19 பேர். வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களோ நூற்றுக்கு 38 பேருக்கு மேல். கர்ப்பிணியின் நெஞ்சுக்குள் போகும் புகை பெரும்பாலும் யாருடையது? நீங்களே சொல்லுங்கள்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. எடைக் குறைவு, குறைப்பிரசவம், சில சமயம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவது. பிறந்த பிறகும் மூச்சிரைப்பு, நிமோனியா, தூக்கத்திலேயே திடீர் மரணம் என்ற ஆபத்துகள் கூடுகின்றன.

"நான் வாசலில் நின்றுதானே பிடிக்கிறேன், டீச்சர்?" உள்ளே பிடிப்பதற்கு அது மேல்தான். ஆனால் சட்டையிலும் கையிலும் ஒட்டிய நஞ்சோடுதானே பிள்ளையைத் தூக்குகிறாய்?

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மசக்கைக்கு நல்லது என்று வெற்றிலையோடு புகையிலையைக் கொடுக்காதீர்கள். நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் புகையில்லாத புகையிலைக்குப் பழகியவர்கள். மென்றாலும் அதே நிகோடின்தான். அது தாய்ப்பாலிலும் கலக்கிறது. அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது புகையிலையை.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். டீக்கடைக்கு உள்ள அந்தச் சட்டம் படுக்கையறைக்கு இல்லை. அங்கே சட்டம் நாம்தான்.

உறையூர்ச் சுருட்டு லண்டன் வரை போனது நம் ஊருக்குப் பெருமை என்பார்கள். புகை தொட்டில் வரை போவதில் என்ன பெருமை? வளைகாப்புக்கு ஊரைக் கூட்டி வகைவகையாகச் சாதம் போடுகிறோம். பந்தி முடிந்ததும் அதே வாசலில் பாக்கெட்டைப் பிரிக்கிறோம்.

விட முடியவில்லையா? 1800-11-2356. கட்டணமில்லாத அரசு எண், கூப்பிடுங்கள். பெண்களுக்கு அறிவுரை ஃபார்வர்டு செய்வதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.