வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்
பதுளை நகரிலும் ஹாலி-எல, பசறை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு,

எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் விடுகிறது, எவ்வளவு போட்டாலும் பசி அடங்குவதில்லை, வயிறு தொங்குகிறது, இரு விலாவிலும் மயிர் உதிர்கிறது. இதைக் கண்டு, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இவை குஷிங் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலும், சில வேளை சிறுநீரகத்தை ஒட்டிய அதிரீனல் சுரப்பியிலும் வளரும் கட்டியால், கோட்டிசோல் என்ற ஓமோன் அளவுமீறிச் சுரக்கிறது. டெரியர் இனங்களில் இது அதிகம். கலப்பின நாய்களுக்கும் வரும்.

மயிர் கொட்டினால் சொறிதானே என்று கேட்கலாம். சொறி பிடித்த நாய் பெரும்பாலும் ஓயாமல் சொறியும். குஷிங் நோயில் அரிப்பு பெரும்பாலும் இருக்காது. இந்த வேறுபாடு தெரியாமல், அரிப்புக்கென மருந்துக்கடையில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பது பெருந்தவறு. அந்த மாத்திரையும் கோட்டிசோலைப் போன்றே வேலை செய்வதால், கட்டி இல்லாத நாய்க்கும் இதே நோயை உண்டாக்கும். ஏற்கெனவே நெடுநாள் கொடுத்து வந்திருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. வேலையற்றுச் சுருங்கிப்போன அதிரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் நாய் சரிந்து விழலாம், இறக்கவும் கூடும். மிருக வைத்தியர் சொல்கிறபடி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

நாள்கூலியில் வாழ்பவர் நாய்க்காக ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முதல் படிக்குச் செலவே இல்லை. நாய் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரை ஒரு லீற்றர் போத்தலால் அளந்து பாருங்கள். பத்துக் கிலோ நாய் ஒரு லீற்றருக்கு மேல் குடித்தால் அது இயல்பல்ல. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். நீரிழிவும் சிறுநீரக நோயும் இதே தாகத்தைத் தரும் என்பதால், அளவைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளுக்குப் பின்னும் சந்தேகம் இருந்தால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போவது பற்றி அங்குள்ள வைத்தியரிடமே கேளுங்கள்.

நோய் உறுதியானாலும் எல்லா நாய்க்கும் உடனே மருந்து தேவைப்படாது. தேவைப்பட்டால் ட்ரைலோஸ்டேன் என்ற மருந்தைப் பெரும்பாலும் ஆயுள்முழுக்கத் தினமும் கொடுக்க வேண்டும். இடையிடையே இரத்தம் சோதிக்க வேண்டும். மருந்து கொடுக்கும்போது நாய் வாந்தியெடுத்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இந்த மருந்துக்கும் சோதனைகளுக்கும் ஆகும் செலவை எல்லோராலும் தாங்க முடியாது. முடியாதவர்களை நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது எவராலும் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்: தண்ணீரை அளந்து பாருங்கள், வைத்தியர் சொல்லாமல் ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுக்காதீர்கள், மயிர் கொட்டி வீட்டை நனைக்கிறது என்பதற்காக, ஆயுள்முழுக்க உங்கள் வாசலைக் காத்த நாயை வீதியில் விடாதீர்கள்.

இப்படிக்கு,
பதுளையில் நாய் வளர்ப்போர் சிலர்