கபாலாவும் சித்தரும்: ஒரு அவசரக் கல்யாணம்

அடையாறுக்குத் தியாசபிகல் சொஸைட்டி குடிவந்த 1882 முதல், எல்லா மறைஞானமும் ஒன்றே என்பது நமக்கொரு சௌகரியம். டயன் ஃபார்ச்சூன் 1935-இல் கபாலாவை ‘மேற்கின் யோகம்’ என்றெழுதினார். நம்மவர்களோ பத்து ஸெஃபிரோத்தையும் ஆறு ஆதாரங்களையும் முடிச்சுப்போட்டுச் சித்தர் பாடலுக்கு ‘விளக்கம்’ தருகிறார்கள். எந்த வங்கிக் கிளையிலும் இந்தக் கணக்கு டேலி ஆகாது. ஸெஃபர் யெட்ஸீராவுக்கு 22 ஹீப்ரு எழுத்துகளும் சிருஷ்டியின் கருவிகள். எழுத்திலேயே உயிர்கொண்ட அந்த மரபை, அதன் ஓரெழுத்தும் அறியாமல், தாம்பரம் மின்ரயிலில் இங்கிலீஷ் சுருக்கமாகக் கரைத்துக் குடிக்கிறோம். கெர்ஷோம் ஷோலெம் மூலச்சுவடிகளில் உழன்றுதான் 1941-இல் தன் நூலைத் தந்தார். அவ்வளவு வேண்டாம், திருமந்திரத்தையாவது முழுக்கப் படியுங்கள். ஒப்பிட இரண்டு பிரதிகள் வேண்டும். நம்மிடம் ஒன்றுகூட இல்லை.