ரத்தானது விமானம், எங்கட காசு இல்லை

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எங்கே போனாலும் மதில்களில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். திருச்செந்தூர், பழனி, மதுரை, வேளாங்கண்ணி; பத்து நாள்; விமான ரிக்கற், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உள்ளடக்கம். சனம் காசு கட்டுவது அந்த "எல்லாம் உள்ளடக்கம்" என்ற சொல்லை நம்பித்தான். விமானம் ரத்தாகிற அன்றைக்குத்தான் அந்த "எல்லாம்" துண்டு துண்டாக உடையும். பறப்புக்கு விமானக் கொம்பனி பொறுப்பு, ஹோட்டலுக்கு இந்தியாவில் இருக்கிற ஆள் பொறுப்பு, விசாவுக்குத் தூதரகம் பொறுப்பு. எங்களிடம் காசை எண்ணி வாங்கியவர் மட்டும் எதற்கும் பொறுப்பில்லை. "நாங்கள் என்னண்ணை செய்யிறது, கொம்பனிதானே கான்சல் பண்ணினது. பாத்துச் செய்வம்" என்பார்.

அந்தப் "பாத்துச் செய்வம்" என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதை நாங்கள் நிறுத்த வேண்டும். சுற்றுலாப் பொதியை விற்றவரே முழுப் பயணத்துக்கும் பொறுப்பு என்று இந்த நாட்டில் சட்டம் வர வேண்டும். அது வரும்வரை, இருக்கிற சட்டத்தை வைத்தாவது எங்கட காசைக் கேட்டு வாங்க வேண்டும்.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், நுண்கடன் என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்க, ஊர் சுற்றுகிற காசைப் பற்றி எழுதுகிறியளோ என்று சிலர் கேட்பினம். யார் போகினம் என்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும். பிரான்ஸிலோ சுவிஸிலோ அகதித் தஞ்சம் பெற்ற பிள்ளை இலங்கைக்கு வந்தால் அந்தத் தஞ்சமே கேள்விக்குள்ளாகும். தாய்க்கு ஐரோப்பிய விசா இலேசில் கிடைக்காது. இரண்டு பேரும் முகம் பார்க்கக்கூடிய இடம் சென்னையும் திருச்சியும்தான். கோயில் யாத்திரை என்று புறப்படுகிற பலருக்கு அது பிள்ளையைப் பார்க்கிற பயணம், கலியாணம் செய்துவைக்கிற பயணம், பேரப்பிள்ளையை முதன்முதலாகத் தூக்குகிற பயணம். அந்தப் பிள்ளைக்கு வேலையிடத்தில் கிடைத்த லீவும் அதே பத்து நாள்தான். அதில் இரண்டு நாள் போனால் ஒருவராலும் திருப்பித் தர ஏலாது. கட்டின காசும் சீட்டெடுத்தும் நகை அடகு வைத்தும் சேர்ந்த காசு. காணிக்காகவும் கடனுக்காகவும் கச்சேரி வாசலில் நிற்கிற அதே குடும்பங்கள்தான் இவை.

எங்களுக்கு இழப்பு மற்றவர்களைவிடக் கூட. வன்னியில் சனம் ஏறக்கூடிய விமான நிலையம் ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு 300 கிலோமீற்றர் அளவில் போக வேண்டும். வான் பிடித்து இரவிரவாகப் போய் இறங்கின பிறகு "இன்றைக்கு விமானம் இல்லை" என்றால், திரும்பி வருகிற வாடகையும் எங்கட தலையில். 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல்தான். ஆனால் அங்கே வந்துபோகிறவை சிறிய விமானங்கள், சேவைகளும் கொஞ்சம். ஒன்று ரத்தானால் அடுத்ததில் உடனே இடம் கிடைக்கும் என்று இல்லை.

இந்த இடத்தில் மூன்று விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பயணம் நடக்கவில்லை என்றால் கட்டின காசு திரும்புவது. இரண்டாவது, இடைவழியில் மாட்டுப்பட்டவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பது. மூன்றாவது, ஏற்பட்ட இழப்புக்கு நட்டஈடு. புயல், வெள்ளம் என்றால் மூன்றாவதைக் கேட்பது கஷ்டம், அது நியாயமும்கூட. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது விமானம் ஏன் பறக்கவில்லை என்று யாரும் சண்டைக்குப் போக ஏலாது. ஆனால் புயலைக் காட்டி முதலாவதையும் அமுக்குவதுதான் அநியாயம். பறக்காத விமானத்தின் ரிக்கற் காசு புயலில் அடித்துக்கொண்டு போகவில்லை. அது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

எங்கட சனம் இதை "விதி" என்கிறது. உண்மையில் விதி இல்லாததுதான் பிரச்சினை. பாரிஸில் இருந்து கொழும்புக்கு வருகிற விமானத்தை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதி 2005 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. 14 நாளுக்குள் சொல்லி, கொம்பனியின் தவறால் அந்தப் பறப்பை ரத்துச் செய்தால், இவ்வளவு தூரப் பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை நட்டஈடு. ரிக்கற் காசு அல்லது மாற்று விமானம் அதற்குப் புறம்பு. 2010 இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வான்வெளி மூடப்பட்ட விவகாரத்தில்கூட, நட்டஈடு இல்லாவிட்டாலும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது.

இந்த உரிமை பாஸ்போட்டைப் பார்த்து வருவதில்லை, புறப்படுகிற இடத்தைப் பார்த்து வருவது. மகளைப் பார்த்துவிட்டுப் பாரிஸில் இருந்து திரும்புகிற பரந்தன் அம்மாவுக்கும் அதே 600 யூரோதான். பிரெஞ்சுக்காரருக்குத்தான் என்று நினைத்து எங்கட ஆக்கள் கேட்காமல் விட்டுவிடுகினம். பிரித்தானியாவில் இருந்து புறப்பட்டால் 520 பவுண்ஸ் வரை. கனடாவில் 2019 இல் வந்த விதிகள் அங்கே போகிற பறப்புக்கும் பொருந்தும். பெரிய விமானக் கொம்பனி என்றால் 400 தொடக்கம் 1,000 டொலர் வரை, ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

ஆனால் அதே அம்மா கட்டுநாயக்காவில் இருந்து ஒரு வளைகுடாக் கொம்பனியின் விமானத்தில் பாரிஸுக்குப் போகும்போது ரத்தானால், அந்த 600 யூரோ இல்லை. அதே கொம்பனி, அதே அம்மா. பாரிஸில் சட்டம் கேட்டதால் கொடுக்கிறான். இங்கே கேட்க ஆளில்லாததால் கையை விரிக்கிறான்.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. அங்கத்தைய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளின்படி, முகவர் மூலம் வாங்கிய ரிக்கற் என்றாலும் காசைத் திருப்புகிற பொறுப்பு விமானக் கொம்பனிக்குத்தான், ஏனென்றால் முகவர் அவர்களின் பிரதிநிதி. கொரோனாக் கால ரிக்கற்றுகள் பற்றி 2020 ஒக்ரோபர் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலும், முகவர் கைக்கு வந்த பணம் உடனே பயணிக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பறப்புகளை ரத்துச் செய்தபோது, டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் காசைத் திருப்பி முடி என்று அரசு உத்தரவிட்டது. சில நாளிலேயே 610 கோடி இந்திய ரூபா திரும்பியது. "சிஸ்டத்தில ரெண்டு மூண்டு மாதம் எடுக்கும்" என்று எங்களுக்குச் சொல்லப்படுகிற கதை எவ்வளவு உண்மை என்று இதிலிருந்து விளங்கும்.

இலங்கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அரைகுறையாக. 2018 இல் சட்டம் இயற்றி மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்தது. அதன்படி சர்வதேசப் பறப்பு தாமதித்ததால் ஏற்பட்ட இழப்பைக் கணக்குக் காட்டிக் கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் வழக்கும் வைக்கலாம். ஆனால் தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தேன் என்று கொம்பனி நிரூபித்தால் தப்பிவிடும். பறப்பையே முற்றாக ரத்துச் செய்தால் அது தாமதத்துக்குள் வருமா என்பதும் நீதிமன்றங்களில் இழுபடுகிற கேள்வி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், அது எங்கட உரிமை.

இல்லாதது எது என்றால், ஐரோப்பாவில் 1990 இலேயே வந்த ஒன்று. பொதியாக விற்றவன் பொதி முழுவதற்கும் பொறுப்பு. விமானம் அவனுடையது இல்லை, ஹோட்டல் அவனுடையது இல்லை என்பது அங்கே சாட்டு ஆகாது. நீ அவர்களிடம் பிறகு வாங்கிக்கொள், முதலில் வாடிக்கையாளருக்குக் கொடு. அந்த ஏற்பாட்டைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

"பாவம், எங்கட பொடியன்தானே கடை போட்டிருக்கிறான், அவனை ஏன் இழுக்கிறியள்" என்பது அடுத்த சாட்டு. அந்தப் பொடியனும் பல வேளை கொழும்பில் இருக்கிற பெரிய முகவரிடம் காசைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவன்தான். அதனால்தான் சட்டம் வேண்டும். ஒழுங்காகப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, ஒழுங்காகக் காசு திருப்புகிறவன் இன்றைக்கு ஐயாயிரம் ரூபா குறைத்து விற்கிறவனிடம் தோற்கிறான். அவனைக் காப்பாற்றுவதும் அந்தச் சட்டம்தான். ஊர்க்காரன் என்ற உரிமையில் காசு வாங்கினவர், அதே உரிமையில் கணக்கும் காட்ட வேண்டும்.

சட்டம் வரும்வரை செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வட்ஸ்அப் மெசேஜ் பற்றுச்சீட்டு ஆகாது. தொகையும் திகதியும் உள்ள சீட்டைக் கேட்க வேண்டும். ரிக்கற்றின் பிரதியையும் பதிவு இலக்கத்தையும் முன்னரே வாங்கி வைக்க வேண்டும். ரத்தானால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வான் வாடகை, சாப்பாடு, தங்கின அறை எல்லாவற்றின் பில்லும் வேண்டும். "அடுத்த ரிப்பில கழிச்சு விடுறன்" என்றால், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். இங்கிலிஷில் மெயில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இன்றைக்கு வன்னியில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அப்புவுக்கும் அந்த ஒரு கடிதத்தை எழுதிக் கொடுப்பது எங்கட வேலை.

ஒருவர் எழுதினால் அது குப்பைக்கூடைக்குப் போகலாம். ஒரே பயணத்தில் போன முப்பது பேரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் போகாது. வன்னித் தேர்தல் மாவட்டத்திலும், கிளிநொச்சி சேர்ந்திருக்கிற யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் மொத்தமாக 12 ஆசனங்கள் இருக்கின்றன. பலாலி ஓடுபாதையை நீட்டுவது பற்றிக் கதைக்கிற ஆக்கள், அந்த ஓடுபாதையில் வராமல் போன விமானத்துக்குக் காசு கட்டினவரின் கதையையும் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். முறைப்பாட்டின் பிரதியை அவர்களுக்கும் அனுப்புங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேளுங்கள்.