நான்காவது கட்டம்

பல்கலைக்கழக வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு கடன் நோட்டு ஆணியில் தொங்குகிறது. போன வாரம் என் முறைக்குக் காத்திருந்தபோது கண் அதில் விழுந்தது. பெயர், துறை, தொகை என்று மூன்று கட்டங்கள். நான்காவதில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே வரி: ‘ஃபெலோஷிப் வந்ததும்’. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது, நல்லதுதான். ஆனால் அது மாதாமாதம் ஒழுங்காகக் கைக்கு வருகிறதா என்பதை அந்த நான்காவது கட்டத்தைக் கேட்க வேண்டும். நெட் தகுதித் தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்பவர்களுக்கோ மாதம் 8,000 ரூபாய்தான். 2015இல் அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தார்கள்; தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வாசலிலேயே மாணவர்கள் படுத்துக் கிடந்தது நமக்கு மறந்திருக்காது. வேலைக்குப் போன தம்பி வீட்டுக்குப் பணம் அனுப்பும் வயதில், அண்ணன் ஊருக்குப் போகப் பஸ் காசுக்கு நண்பனிடம் கை நீட்டுகிறான். ‘இன்னும் படிச்சுக்கிட்டா இருக்கே?’ என்று கேட்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வது? கடைக்காரரிடம், ‘கடன் வராமல் போனதுண்டா?’ என்றேன். ‘லேட்டாகும் சார், ஆனா வந்துடும். ஊரை விட்டுப் போனவங்ககூட ஜீபேயில போட்டிருக்காங்க’ என்றார். வட்டி கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை, வழிகாட்டியின் கையெழுத்தும் கேட்பதில்லை. ஆய்வேடுகளின் நன்றியுரையில் நிதி தந்தவர்களின் பெயரும் வரும். அவர் பெயரை எதிலும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.