யார் இழைத்த கட்டில்?

புதுச்சேரியில் ஒரு சுவருக்கு மஞ்சள் வர்ணம் பூசி, விளிம்பில் வெள்ளைப் பட்டை இழுத்துவிட்டால் போதும். அது பிரெஞ்சுக் கலையாகிவிடுகிறது! அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டமும் சேர்ந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், அந்நியன் விட்டுப்போன அடிமைச் சின்னங்களை இடித்துத் தள்ளினால் என்ன என்று கேட்கும் அன்பர்கள். இந்த இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. இருவரும் பொருளைப் பார்ப்பதில்லை. அதை அனுபவித்தவனைத்தான் பார்க்கிறார்கள்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில், ட்யூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். படுத்தவர் பெயர் தெரிகிறது. இழைத்தவன் பெயர்? அதைக் கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. பாரிஸில் தச்சர் சங்கம் 1743இல் ஒரு விதி செய்தது: நாற்காலி செய்தவன் தன் பெயரை அதில் முத்திரையாகக் குத்த வேண்டும். 15ஆம் லூயி காலத்து நாற்காலி ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்.

அந்த நாற்காலியின் அழகை நான் மறுக்கவில்லை. வளைந்த காலும், சிப்பி போலச் செதுக்கிய முகப்பும் யாரையும் மயக்கும். ஆனால் பட்டு உறை போட்ட மெத்தை நம் சித்திரை வெயிலுக்கு ஆகுமா? ஆகவே இங்கே பிரம்பு பின்னினார்கள். காற்று உள்ளே புகுந்தது. செங்கல் சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசித் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல் போல மெருகேற்றினார்கள். செய்த கை பிரெஞ்சுக் கையா?

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள். கீழே செதுக்கிய மரத்தூண்களோடு நம் முற்றத்து வீடு. மாடியில் பிரெஞ்சுப் பாணியில் தூண் வரிசை. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோதும் தப்பிய வீடு அது. இந்தக் கலப்புத்தான் ஐயா, புதுச்சேரியின் அழகு!

2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம் சரிந்தது, ஊர் வருந்தியது, பழைய உருவிலேயே மறுபடி எழுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் கால்வாய்க்கு மேற்கே தமிழர் வீதியில் ஒரு திண்ணை வீடு இடிபட்டால் யார் வருந்துகிறார்கள்? அங்கே மஞ்சள் பூச்சில்லை. ஆகையால் படமும் இல்லை, பரிவும் இல்லை.

பிரெஞ்சு ஆட்சி 1954இல் போய்விட்டது. நாற்காலியை வெறுப்பதால் அது இன்னொரு முறை போகப்போவதில்லை. கும்பிடுவதால் நமக்குப் பெருமையும் வரப்போவதில்லை. இந்த ஊரில் செய்த பொருள்களின் அருகே, 'புதுச்சேரித் தச்சன் செய்தது' என்றாவது எழுதி வையுங்கள். அதற்கு மனமில்லையானால், அந்த மஞ்சள் வர்ண டப்பாவைத் தயவுசெய்து மூடி வையுங்கள்.