வீட்டு வண்டியும் வீடற்றோர் வழியும்

விடுமுறை நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்போது புதியதொரு பேச்சு எழுகின்றது. கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய ‘கேம்பர் வான்’ ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, இரண்டு மூன்று வாரம் இலங்கையைச் சுற்றிவர வேண்டும் என்பதே அது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர் வழிகாட்ட, மாதச் சம்பளக்காரரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். பயணம் போகட்டும். அதற்குச் சூட்டப்படும் தத்துவமே நம்மை எழுதத் தூண்டுகின்றது. சிறிய இடத்தில் வாழ்வதே பேரின்பமாம். வீட்டை விட்டுக் கிளம்புவதே விடுதலையாம். சாலை யாவர்க்கும் பொதுவாம். அதில் ஓடினால் நாட்டின் புண்கள் தாமே ஆறிவிடுமாம்!

ஊர் காண்பதை நாம் வெறுக்கவில்லை. உழைப்பவர் ஓய்வு கொள்வதும் தம் நாட்டைக் கண்ணாரக் காண்பதும் அவர்தம் உரிமை. சுவரிலே நாட்டுப்படத்தை மாட்டிப் பாடம் சொல்லும் ஆசிரியனுக்கு, தன் மாணவர் அப்படத்தை விட்டு மண்ணைக் காணவேண்டும் என்னும் ஆசை இல்லாமற் போகுமா? நமது வழக்கு வண்டியின்மேல் அன்று. அதன்மேல் ஏற்றப்படும் பொய்யின்மேல்.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். சிறிய இடத்தின் இன்பம்! இந்த வண்டிகள் தவறாமல் ஏறும் இடம் மலைநாடு. நுவரெலியாவிலும் எல்லையிலும் பனி விலகும் காலையில், தேயிலைச் சரிவுக்கு எதிரே வண்டிக் கதவைத் திறந்துவைத்துத் தேநீர் அருந்துவர். அச்சரிவின் மடியிலே லயன்கள் நிற்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் தாத்தாவும் மகனும் பேரனும் ஒருங்கே முடங்கி வாழ்ந்த வரலாறு அவற்றுடையது. அவர்தம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, 150 மைல் அளவு காட்டுவழி நடந்து மாத்தளையை அடைந்தனர். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். நெடும்பயணமும் சிறுவாழ்வும் இத்தீவில் யாருக்கும் புதியன அல்ல. மூன்று வாரம் குறுகிய இடத்தில் உறங்குபவர் எளிமையைக் கண்டவராகப் போற்றப்படுகின்றார். மூன்று தலைமுறை அவ்வாறே உறங்கியவருக்கு வறியவர் என்பதல்லாமல் வேறு பெயருண்டோ? திரும்பிச் செல்ல வெள்ளவத்தையில் மாடிவீடு இருப்பதாலன்றோ வண்டியின் குறுக்கம் இனிக்கின்றது!

இரண்டாவது கூற்று, வீட்டை விட்டுக் கிளம்புதலே விடுதலை என்பது. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புகைவண்டியேறியவர்களும் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களே. அவர்கள் விடுதலை கண்டனரா?

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வாசற்படியிலேயே நிகழ்ந்ததைச் சொல்வோம். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் விடுதிகளுக்குள் பொலிசார் நுழைந்தனர். கடவுச்சீட்டுக்காக வந்தவர், மருத்துவத்துக்காக வந்தவர், வேலை தேடி வந்தவர் எனத் தங்கியிருந்த தமிழரை எழுப்பி, சற்று நேரத்தில் மூட்டை கட்டச் செய்து, பஸ்வண்டிகளில் ஏற்றினர். தக்க காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தனராம்! 376 பேர் வவுனியாவை நோக்கியும் கிழக்கை நோக்கியும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர்நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே நீதிமன்றம் இச்செயலுக்குத் தடைவிதித்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்கா பின்னர் வருத்தம் தெரிவித்தார். அன்று அவ்வண்டியில் அமர்ந்திருந்தவரும் சன்னல் வழியே வயலையும் தென்னையையும் கண்டிருப்பார். அது உல்லாசப் பயணமா? எங்கே போகின்றோம் என்பதைத் தானே தீர்மானிப்பவனுக்கு மட்டுமே சாலை இனிக்கும்.

இனி மூன்றாவது கூற்று. சாலை யாவர்க்கும் பொதுவெனில், கண்டி – யாழ்ப்பாணம் ஏ-9 சாலையைக் கேளுங்கள். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது, சாலையும் அடைபட்டது. அக்காலத்து மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இருளில் படகேறிக் கடந்தனர். கடந்தவர் எல்லோரும் கரை சேரவில்லை. 2002 ஏப்பிரலில் சாலை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே அது முறையாகத் திறந்தது. புகைவண்டி யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்டோபரில். திறந்த சாலையிலே முதலில் குவிந்தவர் காட்சி காண வந்தவர். ஆனையிறவில் வெற்றிச் சின்னங்களின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டனர். அதே சாலையோரத்தில், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில், 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டப் பந்தலிட்டு அமர்ந்தனர். அப்போராட்டம் ஆயிரம் நாளையும் தாண்டியது. பந்தலின் தாய்மாரைக் கண்டு வண்டியை நிறுத்தியவர் எத்தனை பேர்? தார் பூசினால் சாலை செப்பமாகும். தாயின் கேள்விக்கு விடை கிடைக்குமா?

“ஏனையா இந்தப் புலம்பல்? இளைஞர் சிரித்து மகிழட்டுமே” என்பர் சிலர். சிரிக்கட்டும். ஆயினும் நம் முன்னோரும் பயணிகளே. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கதிர்காமம் வரை நடந்த அடியார் கூட்டத்தைப் பாருங்கள். அவர்கள் அடுப்பைச் சுமந்து செல்லவில்லை. ஊருக்கு ஊர் கை நீட்டினர், ஊரார் சோறிட்டனர். உண்டவரும் இட்டவரும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டறிந்தனர். வீட்டு வண்டியின் உண்மையான குறை இங்கேதான் உள்ளது. கட்டிலையும் அடுப்பையும் கூடவே கொண்டு செல்பவன் வழியில் எவரிடமும் ஒரு செம்பு நீர்கூடக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டாதவன் பேச வேண்டாதவனாகின்றான். பேச வேண்டாதவன் நாட்டைச் சுற்றியும் நாட்டாரைக் காணாதவனாகின்றான்.

ஆகவே, புறப்படுவோர்க்குச் சொல்வோம்: புறப்படுங்கள். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு ஊர்க் கடையில் உண்ணுங்கள். தேயிலைச் சரிவைப் படமெடுக்குமுன், கொழுந்து பறிப்பவரிடம் நாட்சம்பளம் என்னவென்று கேளுங்கள். முகாமின் வேலியைக் கண்டால், அதற்குள் யார் காணி இருந்தது என்று விசாரியுங்கள். வழியில் அழும் தாயிடம் அவள் மகன் பெயரைக் கேட்டு மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின், கடற்கரை எவ்வளவு அழகு என்று கூறுவதோடு, கேட்டறிந்தவற்றையும் அச்சமின்றிச் சொல்லுங்கள். தமிழருக்கும் சொல்லுங்கள், சிங்கள நண்பருக்கும் சொல்லுங்கள். எவரும் எவரையும் நள்ளிரவில் எழுப்பி வண்டியேற்ற இயலாத நாடு ஒன்றைச் சமைத்த பிறகே, சாலை யாவர்க்கும் பொது என்று பாடும் தகுதி நமக்கு உண்டாகும்.